வாய்தா நாளில் தனியாக விடாதே!

சம்மன் என்ற துண்டுக் காகிதம் குடிசை வாசலுக்கு வந்துவிட்டால் அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மில் கேட்டில் நின்று முதலாளியை எதிர்த்துக் கோஷம் போட்ட தொழிலாளிக்குக்கூட, கோர்ட்டில் டவாலி தன் பெயரைக் கூவும்போது நாக்கு வறண்டுபோகிறது. இதைக் கோழைத்தனம் என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். கறுப்பு அங்கி, புரியாத பாஷை, எதிரே காக்கிச் சட்டை. அந்தக் கட்டடமே ஏழையை மிரட்டுகிறது. அங்கே அவன் தனியாக நிற்கிறான் என்பதுதான் எதிரிக்குப் பாதி பலம்.

இதைத் தருமபுரி மாவட்டத்து உழைப்பாளி மக்களுக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. வாச்சாத்தி இருக்கிறது.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையினர், போலீஸார், ரெவின்யூ சிப்பந்திகள் நூற்றுக்கணக்கில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அந்த ஆதிவாசி கிராமத்தில் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அதன்பின் நடந்ததுதான் அக்கிரமத்திலும் அக்கிரமம்! அடிபட்ட ஜனங்கள் மீதே கடத்தல் வழக்குப் போட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சேலம் ஜெயிலில் அடைத்தார்கள்.

அப்படிப்பட்ட பெண்கள்தான் பின்னால் அதே சர்க்கார் சிப்பந்திகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். காட்டை நம்பிப் பிழைப்பவர்கள். காட்டுக்கு எஜமானர்களாக நடந்துகொள்வதோ வனத்துறை. பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. சொல்ல நா கூசும் சங்கதியை, ஊர் அறியாத வக்கீல்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். குறுக்கு விசாரணையில் திரும்பவும் சொல்லியாக வேண்டும். அவர்கள் சொன்னார்கள்.

எப்படி முடிந்தது? மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்களும் தோழர் பெ. சண்முகமும் 1992-லேயே அந்தக் கிராமத்துக்குப் போய் நின்றார்கள். தோழர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை மனுப் போட்டார். 1995-ல் ஐகோர்ட் உத்தரவின்பேரில் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 269 பேர் மீது வழக்கு. அது 19 வருஷம் நீண்டது. அதற்குள் 54 எதிரிகள் இறந்தே போனார்கள். தோழர் நல்லசிவனும் 1997-ல் மறைந்துவிட்டார். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி செஷன்ஸ் கோர்ட், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை. அப்பீலை விசாரித்த ஐகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார்.

கோர்ட்டுகள் ஏழைக்கு நியாயத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் என்று நாம் நம்புகிறவர்களல்ல. 19 வருஷம் என்பதே அதற்கு ருசு. ஆனால் இந்த 19 வருஷமும் அந்தப் பெண்களைத் தனியே நடக்கவிட்டிருந்தால்? மிரட்டலோ பணமோ வறுமையோ அவர்களை என்றோ வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும்.

இங்கே நம் குறையையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். பல சங்கங்களில் வக்கீல் பீஸுக்கு வசூல் செய்து கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். வக்கீல் அவசியம்தான். 1987-ம் வருஷத்து இலவசச் சட்ட உதவிச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பாராமல் வக்கீல் வைத்துத் தர வேண்டும். ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்துக் கேளுங்கள். ஆனால் காலை ஐந்து மணி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வர வக்கீல் வரமாட்டார். பலாத்கார வழக்கானால் விசாரணை மூடிய கதவுக்குள் நடக்கும். வாசலில்தான் நிற்க முடியும். நில்லுங்கள். வெளியே வரும் பெண்ணின் கண்ணில் முதலில் படுவது எதிரியின் ஆட்களாக இருக்கக் கூடாது. ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். என்ன கேட்டார்கள் என்று துருவாதீர்கள். அவள் குழந்தையை அன்று யார் பார்த்துக்கொள்வது, போன கூலியை எப்படி ஈடுகட்டுவது என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள்.

அடுத்த வாய்தா யாருக்கு, எந்தக் கோர்ட்டில், எந்தத் தேதியில், கூடப் போவது யார் யார் என்று இந்த வாரமே சங்க ஆபீஸ் பலகையில் எழுதிப் போடுங்கள்.