செம்மண் பிடித்து வைத்திருப்பது



சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்தில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் இன்று குடியிருப்புத் தாமான்களாகிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் கீரையும் மிளகாயும் போடுகிறவர்கள் அந்த மண்ணின் பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1960களில் பாராகுவாட் களைக்கொல்லி வருமுன், லாலான் புல்லை அழிக்கத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அடித்த புல்லை மேய்ந்து மாடுகள் செத்ததும் உண்டு. மருந்துப் பம்பை முதுகில் சுமந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். கையுறை ஏது, முகமூடி ஏது? அந்த மருந்திலுள்ள ஆர்சனிக் மக்கிப் போகிற பொருளும் அல்ல.

அதில் பெரும்பகுதியைச் செம்மண் பிடித்துக்கொள்ளும். மண்ணுக்குச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடு ஆர்சனிக்கைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்வதால், வேருக்கு அது எளிதில் கிடைக்காது. அதே மண் மழையில் கரைந்து வயலுக்கு வந்து நீரில் ஊறினால் நிலைமை வேறு. காற்றுப் புகாத சேற்றில் இரும்பு கரைகிறது, ஆர்சனிக்கும் விடுபடுகிறது, நெல் அதை உறிஞ்சிவிடுகிறது. ராக் பாஸ்பேட் உரத்தோடு சிறுகச் சிறுகச் சேரும் காட்மியமோ நேர்மாறு: தண்ணீர் நிற்கும்வரை அடங்கிக் கிடக்கும், வயல் காய்ந்தால் பயிரில் ஏறும். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் ஆய்வுக்கூடத்தில் கேட்காதீர்கள். பயிருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்றும் கேளுங்கள்.

மெர்போக் பக்கம் மண் கெடுவதற்கு யாரும் நஞ்சைக் கொட்டத் தேவையே இல்லை. அங்கே கண்டல் காட்டுச் சேற்றில் பைரைட் என்ற கந்தகக் கனிமம் உண்டு. வடிகால் வெட்டிக் காற்றுப் பட்டதும் கந்தக அமிலம் பிறக்கிறது. வெட்டிய கரையில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகளைப் பார்க்கலாம். அந்தப் புளிப்பில் களிமண்ணின் அலுமினியம் கரைந்து, நெல் வேரை நீளவிடாமல் முடக்கிவிடும்.

இந்தப் புளிப்புக்கு மருந்து சுண்ணாம்புக்கல். குனோங் கெரியாங்கும் பாலிங் மலையும் அந்தக் கல்தான். பூச்செடிக் கடையில் கிடைக்கும் டோலமைட் தூள் புளிப்பைக் குறைத்து அலுமினியத்தையும் காட்மியத்தையும் கட்டிப்போடும். மண்ணில் ஈயம் இருந்தால் மக்கிய எரு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பழைய தோட்ட மண்ணில் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். புளிப்பு அளவுக்கு மீறிக் குறைந்தால் ஆர்சனிக்கின் மீது மண்ணுக்குள்ள பிடி தளரும். முதலில் மண்ணின் பிஎச் அளவைப் பாருங்கள், கீரையை மண் போக அலசுங்கள்.

தோட்டத்தில் மருந்தடித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்தப் பிரிவில், எந்த ஆண்டுகளில் அடித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்