கொழுப்பை மாற்றினால் கோபம் தணியுமா?

நிமோனியா முற்றியிருக்கலாம், ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம், பெரிய விபத்தில் அடிபட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் சிலருக்கு நுரையீரல் ஒரே மாதிரி கெட்டுப்போகிறது. காற்று நிறைய வேண்டிய நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறுவதில்லை. 1967-ல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்டு எழுதிய இந்தப் பிரச்னைக்கு இன்றைய பெயர் ஏ.ஆர்.டி.எஸ். கொரோனா காலத்தில் ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்த பல குடும்பங்களுக்கு இது பழகிய பெயர்தான்.

இதில் கிருமியைவிட, காக்க வந்த படை செய்யும் சேதமே சில சமயம் அதிகம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நுரையீரலுக்குள் கூட்டமாக நுழைந்து, கிருமியைக் கொல்லும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் சேர்ந்து வெந்துபோகிறது.

இந்தச் சண்டைக்கு ஆள் சேர்ப்பதில் அந்த அணுக்களின் மேல்சவ்வுக்கும் பங்கு உண்டு. சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு ஒளிந்திருக்கும். ஆபத்து என்றதும் ஒரு என்சைம் அதைக் கத்தரித்து எடுக்கும். அதிலிருந்து உருவாகும் லூக்கோட்ரைன் பி4, ‘சீக்கிரம் வாங்க’ என்று மற்ற நியூட்ரோஃபில்களை அழைக்கும். வந்தவையும் அதையே செய்யும்.

சரி, அந்தக் கொழுப்பையே மாற்றிவிட்டால்? மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 சவ்வில் இடம்பிடித்தால், அதிலிருந்து வரும் லூக்கோட்ரைனுக்கு வீரியம் குறைவு. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், மீன் எண்ணெய் கலந்த உணவைக் குழாய் வழியே பெற்றவர்கள் வென்டிலேட்டரில் இருந்த நாட்கள் குறைந்தன. நம்பிக்கை பிறந்தது.

பிறகு அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து 272 பேரிடம் சோதித்தன. பலன் இல்லையென்று பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2011-ல் வெளியான முடிவின்படி, ரத்தத்தில் ஒமேகா-3 நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால், 60 நாட்களுக்குள் இறந்தவர்கள் அதைப் பெற்றவர்களில் 26.6 சதவீதம், பெறாதவர்களில் 16.3 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். நன்மை என்று சொல்லத்தான் எதுவுமில்லை. மெடிக்கல் ஷாப்பில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி வைத்து ‘நுரையீரலுக்கு நல்லது’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

உயிர்களைக் காத்தது, மூச்சை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில் செய்த மாற்றம். வென்டிலேட்டர் ஒவ்வொரு முறையும் செலுத்தும் காற்றின் அளவைக் குறைத்தபோது, இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. இது 2000-ம் ஆண்டு ஆய்வு. இன்னொன்று, ஐ.சி.யூ.வில் பார்க்கும் உறவினர்களைப் பதறவைப்பது: நோயாளியைத் தினமும் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைப்பது. பெரும்பாலும் பிரான்ஸ் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், மல்லாந்து படுத்திருந்தவர்களில் 28 நாட்களுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதம்.