காணி கைமாறுகிறது, சனங்களைக் கேட்டது யார்?

சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிடம் கையளிக்கப் பிரித்தானியா சம்மதித்து விட்டதாம். காலனித்துவத்தின் கடைசிக் கணக்கும் தீர்கிறதாம். கைதட்டுகிறவர்கள் தட்டட்டும். நாம் ஒன்றைத்தான் கேட்கிறோம்: அந்தத் தீவுச் சனங்களைக் கேட்டது யார்?

1965இல் சுதந்திரம் பற்றிப் பேச லண்டனுக்கு வந்த மொரிஷியஸ் தலைவர்களிடமிருந்து சாகோஸைப் பிரித்தெடுத்தார்கள். கொடுத்தது 30 இலட்சம் பவுண். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஐ.நா. பொதுச்சபை, மொரிஷியஸைத் துண்டாட வேண்டாம் என்றது. யார் கேட்டார்கள்? டியகோ கார்சியாவில் அமெரிக்காவுக்குப் படைத்தளம் வேண்டும், அதுவும் ஆளில்லாத் தீவாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டங்களில் உழைத்து வாழ்ந்தவர்களை, நிரந்தரக் குடிகளே அல்ல, வந்துபோகும் கூலிகள் என்று உலகத்துக்குக் கதை சொன்னார்கள். 1973க்குள் மொத்தத் தீவுக்கூட்டமும் காலியானது. அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட வாயு வைத்துக் கொன்றார்கள்.

2019இல் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை, பிரித்தானியா விரைவாக வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. பொதுச்சபையில் 116 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன, எதிர்த்தவை 6.

அதன் பின் 2025 மே 22இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? இறைமை மொரிஷியஸுக்கு. டியகோ கார்சியா 99 வருடக் குத்தகைக்குப் பிரித்தானியாவுக்கு. வருடத்துக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண். மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் மீள்குடியேற்றம் செய்யலாம். டியகோ கார்சியாவில் மட்டும் கூடாது.

பாதுகாப்பு என்பார்கள். அதே தீவில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். 2021இல் படகில் போய்ச் சேர்ந்த நம் நாட்டுத் தமிழர்களை மூன்று வருடங்கள் அங்கேதான் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள்; அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்நியருக்கு வேலைசெய்ய இடமிருக்கிறது, அடைத்து வைக்க இடமிருக்கிறது. மண்ணுக்குரியவனுக்கு மட்டும் இடமில்லையா?

சாகோஸ் மக்களில் ஒப்பந்தத்தை வரவேற்பவர்களும் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அவர்களிடம் வாக்கெடுத்திருக்க வேண்டும் என்கிறோம். 1965இல் பிரித்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை. இப்போது திருப்பிக் கொடுக்கும்போதும், இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்துவிட்டு முடிவை அறிவித்தன.

மொரிஷியஸின் உரிமையை நாம் மறுக்கவில்லை. அது நியாயமானது. ஆனால் குத்தகைப் பணத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, துரத்தப்பட்டவர்களை எண்ணத் தெரியாமல் போனது எப்படி? டியகோ கார்சியாவுக்குத் திரும்பும் உரிமையையும் அந்தத் தாளில் எழுதுங்கள். பிறகு நாமும் கைதட்டுகிறோம்.