அறுநூறு ரூபாய்க்குப் போக இருந்த மெஷின்

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி உங்களைத் தூங்க வைத்ததற்கு மன்னிக்கவும். இந்தத் தடவை தூங்க முடியாது. மரம் அறுக்கும் மெஷின் பற்றிப் பேசப் போகிறேன் :)

எங்கள் மாமா திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். அவரிடம் ஒரு பழைய பெரிய செயின் சா உண்டு. 100 சிசிக்கு மேல். ஸ்பிளெண்டர் பைக் என்ஜினே 97.2 சிசிதான், பார்த்துக்கொள்ளுங்கள். 2020 கொரோனா ஊரடங்கில் சாக்குப் பையில் சுற்றி வைத்தது, அப்படியே கிடந்தது. போன வருடம் பழைய இரும்புக் கடைக்காரர் 600 ரூபாய் விலை சொன்னார். மாமாவும் தலையாட்டிவிட்டார். குறுக்கே விழுந்தது நான்தான்.

வகுப்பில் நாம் படித்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய் மெஷின், வருடம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்த மதிப்பு முறை. இருபது வருடம் கழித்துப் புத்தகத்தில் மிஞ்சுவது சுமார் 1,550 ரூபாய். புத்தகப்படி அது செத்த மெஷின். ஆனால் மரத்துக்கு நம் பேலன்ஸ் ஷீட் தெரியாதே!

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய கஜா புயல், உள்ளே வந்து திண்டுக்கல் மாவட்டத்தையும் ஒரு கை பார்த்தது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் எல்லாம் மரங்கள் விழுந்தன. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் பக்கம் ரோட்டின் குறுக்கே விழுந்த ஒரு புளியமரத்தின் அடிமரம் மூன்றடி அகலம். சின்ன மெஷின்கள் இரண்டு பாதியில் மாட்டிக்கொண்டன. மாமாவின் இந்தக் கிழட்டு மெஷின் வந்துதான் வழி பிறந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, ரிப்பேர் கதைக்கு வருவோம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து பிரித்தோம். பெரிய நோய் எதுவும் இல்லை. டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் பிசினாகியிருந்தது. கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிராம், ரப்பர் போல வளைய வேண்டியது, காய்ந்த அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டரில் கீறல் இல்லை, அதுதான் அதிர்ஷ்டம்.

மெக்கானிக் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். கிராங்க் ஆயில் சீலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாதாம். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. சீல் வழியாகக் காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். 'ஸ்டார்ட் ஆகுதான்னு சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம்' என்று இழுத்தே பல நல்ல மெஷின்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

செலவு: கார்பரேட்டர் கிட் 450, ஆயில் சீல் 300, ரிங் 500, பிளக் 150, பெட்ரோல் டியூப் 100, புதுச் சங்கிலி 1,800, லேத் வேலையும் கூலியும் 1,300. மொத்தம் 4,600 ரூபாய்.

சங்கிலி தீட்டச் சொல்லிக் கொடுத்தவர் நாகல்நகர் பக்கம் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். 5.5 மில்லிமீட்டர் உருட்டு அரம். எல்லாப் பல்லும் ஒரே சாய்வு, ஒரே நீளம். நான் தீட்டியதில் மரம் ஒரு பக்கமாக இழுத்தது, அவர் தீட்டியதில் வெண்ணெய். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. அரம் பிடித்த அந்தக் கைகளுக்கு வேலை?

இங்கே என் நண்பன் ஒருவன் கேட்டது நியாயமான கேள்வி. "ஏழெட்டாயிரத்துக்குப் புது மெஷினே ஆன்லைன்ல வருதே, எதுக்குடா இந்த வேலை?" வருகிறதுதான். விறகு, கிளை, தென்னைக்கு அது போதும். மூன்றடி அடிமரத்துக்குப் போதாது. அதற்குச் சரியான புது மெஷின் வாங்க வேண்டுமானால் விலை பல மடங்கு. இன்னொன்று, அந்த மலிவு மெஷின்கள் பலவற்றுக்கு ஒரு வருடம் கழித்து ஸ்பேர் தேடிப் பாருங்கள், தெரியும். மத்திய நுகர்வோர் துறை 2022ல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது, அதில் விவசாயக் கருவிகளும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லாமல் போனால், உரிமையை வைத்து என்ன செய்வது?

இதுவரை படித்துவிட்டு எல்லாரும் பரண் ஏறிவிடாதீர்கள். மெஷின் ஓடிய அன்று மாமா ஐந்து நிமிடம் அறுத்துவிட்டு நிறுத்தினார். கையை உதறிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் சொன்னார், "மாப்ள, மார்கழிக் காலைல ரெண்டு விரலு வெளுத்துப் போயி உணர்ச்சியே இருக்காதுடா. இதைப் புடிச்சுப் புடிச்சு வந்ததுதான்."

ஒரு நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. அதிர்வு விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துவிடும். மரம் அறுப்பவர்களிடம் உலகம் முழுக்கப் பார்த்த நோய்தான் இது. 1929ல் ஜெர்மனியில் ஸ்டீல் கம்பெனி செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ, இரண்டு ஆள் பிடிக்க வேண்டும். 1959ல் ஒரே ஆள் பிடிக்கும் 12 கிலோ மெஷின் வந்தது. எடை குறைந்ததே தவிர அதிர்வு ஒரே ஆளின் கைக்கு வந்துவிட்டது. அதிர்வைக் குறைக்கும் ரப்பர் கைப்பிடியும், மெஷின் எகிறினால் சங்கிலியை நிறுத்தும் செயின் பிரேக்கும் அதற்குப் பிறகு வந்தவை. மாமாவின் மெஷினில் இரண்டும் கிடையாது.

மெஷினின் தேய்மானத்துக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. மாமாவின் விரலுக்கு எந்தப் பக்கம்?

அதனால் என் முடிவு இதுதான். பழைய பெரிய மெஷின்களைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் அவற்றைத் தினக்கூலி வேலைக்கு அனுப்பக் கூடாது. தினசரி வேலைக்குப் பிரேக் உள்ள புது மெஷின். கிழடு, தரையில் விழுந்து கிடக்கும் பெரிய அடிமரத்துக்கு மட்டும், அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி. மரத்தில் ஏறிக்கொண்டு இதை இயக்கவே கூடாது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கு ஆகாது.

மாமா இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். எப்படி என்றால், மெஷின் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, பிளக் என் அலமாரியில் :)

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது சாக்குக்குள் கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கூடவே, அதை இத்தனை வருடம் பிடித்த கையையும் ஒருமுறை பாருங்கள்.