மந்திரம் இல்லாத ஆர்தர் கதைகளை ஏன் படிக்கணும்?

1/ "மெர்லின் மந்திரம் போடாத ஆர்தர் கதையா? சர்க்கரை போடாத பாயசம் மாதிரி இருக்குமே டாக்டர்!" போன வாரம் ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். அவருக்குப் பதில் எழுத ஆரம்பிச்சது நீண்டு போச்சு. அதனால த்ரெட்டாவே போட்டுடறேன். நடுவுல கொஞ்சம் மருத்துவமும் வரும், பொறுத்துக்கோங்க.

2/ கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: கி.பி. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு விலகுது. கடல் தாண்டி வந்த சாக்ஸன்கள் கொஞ்சம் கொஞ்சமா நாட்டைப் பிடிக்கறாங்க. அவங்களைத் தடுத்து நிறுத்தின தலைவன்னு சொல்லப்படறவர்தான் ஆர்தர். கல்லில் செருகிய வாள், மந்திரவாதி மெர்லின், ஏரிக்குள்ளிருந்து வாள் நீட்டும் பெண், புனிதக் கிண்ணம் இதெல்லாம் பல நூற்றாண்டுகளில் ஒண்ணு மேல ஒண்ணா சேர்ந்தது.

3/ முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மந்திரத்தை எடுத்துட்டா மிஞ்சறது "உண்மை வரலாறு"ன்னு நினைச்சுடாதீங்க. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி பேடன் மலைப் போரைக் குறிப்பிடுகிறார். ஆர்தர் என்ற பெயரையே எடுக்கலை. சுமார் 300 வருஷம் கழிச்சு வந்த 'ஹிஸ்டோரியா பிரிட்டோனம்' அதே போரில் ஆர்தர் தனி ஆளா ஒரே நாளில் 960 பேரை வீழ்த்தினார்னு சொல்லுது. நம்ம ஊர் மாஸ் ஹீரோக்கள் தோத்தாங்க போங்க!

4/ அப்போ இந்த நாவல்களால என்ன லாபம்? என் கருத்து இதுதான்: பழைய கதையில் மந்திரம் பல இடங்களில் "இதைச் செய்தது யார்?" என்ற கேள்வியை மறைக்குது. மந்திரத்தை எடுத்ததும் அந்தக் கேள்வி வெளியே வந்துடுது.

5/ உதாரணம், ஆர்தர் பிறந்த கதை. சுமார் 1136இல் மான்மத்தின் ஜெஃப்ரி எழுதியபடி, மன்னன் ஊதர் இன்னொருத்தர் மனைவியான இகெர்னா மேல ஆசைப்படறான். மெர்லின் அவனுக்கு அவளோட கணவன் உருவத்தையே கொடுத்துடறார். கணவன்தான் வந்திருக்கார்னு நம்பி அவள் அவனை ஏத்துக்கறாள். அந்த ராத்திரியே நிஜக் கணவர் சண்டையில் சாகறார். அந்த உறவில் பிறந்த குழந்தைதான் ஆர்தர்.

6/ இதில் ஒரு டாக்டர் கண்ணுல படற விஷயம் என்னன்னா, ஜெஃப்ரியின் லத்தீனில் மெர்லின் பயன்படுத்தறது "மருந்துகள்". சரியான சொல்தான். நமக்கே மயக்க மருந்து கொடுத்த மாதிரி, வலி தெரியாம கடந்து போயிடறோம். அங்கே ஒரு பெண் ஏமாற்றப்பட்டிருக்கா, அவள் சம்மதம் திருடப்பட்டிருக்கு. நாமளோ "ஆஹா, என்ன மாயம்!"னு பக்கத்தைத் திருப்பறோம்.

7/ மந்திரம் கிடையாதுன்னு முடிவு பண்ணின எழுத்தாளருக்கு இந்தத் தப்பிப்பு இல்லை. மேரி ஸ்டூவர்ட் 'தி கிரிஸ்டல் கேவ்' (1970) நாவலில் அந்த ராத்திரியை வெறும் மாறுவேஷமா மாத்திட்டார். (அவரோட மெர்லினுக்கு வருவது தெரியும் பார்வை உண்டு, அது வேற.) மாறுவேஷம்னா உடனே கேள்வி வருது: அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? தெரியும், அவளும் அவனை விரும்பினாள்னு ஸ்டூவர்ட் எழுதறார். நீங்க ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். ஆனா கேள்வியைத் தாண்டிப் போக அவரால முடியலை.

8/ ரோஸ்மேரி சட்க்ளிஃப் எழுதிய 'ஸ்வோர்ட் அட் சன்செட்' (1963) இன்னும் கடுமை. பழைய கதையில் காயம்பட்ட ஆர்தரை ஆறவைக்க அவலான் தீவுக்குக் கொண்டு போவாங்க. இங்கே அவர் ஆறாத காயத்தோட படுத்துக்கிட்டு, தானே தன் கதையைச் சொல்றார். சின்ன வயசுலயே மூட்டுகளைத் தாக்கும் ஸ்டில்ஸ் நோய் வந்து, வாழ்க்கையில் பெரும்பகுதி சக்கர நாற்காலியில் இருந்தவர் சட்க்ளிஃப். வலியை அவர் எழுதும் விதம் பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

9/ பெர்னார்ட் கார்ன்வெல்லின் மூன்று நாவல்கள், 'தி விண்டர் கிங்' (1995), 'எனிமி ஆஃப் காட்' (1996), 'எக்ஸ்காலிபர்' (1997), எனக்கு ரொம்பப் பிடிச்சவை. ஆர்தரின் பழைய வீரன் டெர்ஃபல் வயசான காலத்தில் துறவியா உட்கார்ந்து எழுதறார். இளம் ராணி இக்ரெய்ன் பாணர்கள் பாடின அழகான கதையைத்தான் எதிர்பார்க்கறாள். டெர்ஃபலோ கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன்னு பிடிவாதமா இருக்கார்.

10/ அந்த ஆர்தர் நல்லவர். ஆனா நாட்டு நலனுக்காக நிச்சயம் பண்ணின கல்யாணத்தை விட்டுட்டு கினவீரைக் கட்டிக்கறார். அதனால பெரிய போர் வருது. வசிய மருந்து இல்லை, சாபம் இல்லை. அவர் எடுத்த முடிவு, அதுக்கு மத்தவங்க கொடுத்த விலை. லான்சலாட்டோட புகழோ பாணர்களுக்குக் காசு கொடுத்து வாங்கினது!

11/ "அப்போ எல்லாம் வறட்டு பகுத்தறிவா?"ன்னு கேட்காதீங்க. கார்ன்வெல் மந்திரத்தை எடுத்தாலும் நம்பிக்கையை எடுக்கலை. மனிதத் தலைகளைக் கம்புகளில் நட்டு "பேய்வேலி" போடுவாங்க. அதைத் தாண்ட ஆயுதம் தாங்கின வீரனே நடுங்குவான். இது மிகை இல்லை. 2020இல் வெளியான சாம்சன் ஆய்வைப் பாருங்க. பக்கவிளைவு தாங்காம ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தின 60 பேருக்கு, சில மாசம் ஸ்டாட்டினும் சில மாசம் போலி மாத்திரையும் கொடுத்தாங்க. ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் சுமார் 90% போலி மாத்திரையிலும் வந்தது. அவங்க பொய் சொல்லலை, தொல்லை நிஜம். நம்பிக்கை உடம்புக்குள்ள வேலை செய்யும்.

12/ ஃபிலிப் ரீவின் 'ஹியர் லைஸ் ஆர்தர்' (2007) பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏத்தது, கார்னகி பதக்கம் வாங்கினது. ஏரிக்குள்ளிருந்து வாள் நீட்டும் தேவதை அதில் யார் தெரியுமா? தண்ணிக்கடியில் மூச்சடக்கி நிக்கற ஒரு ஏழைச் சிறுமி. ஏற்பாடு பண்ணினவர் கதைசொல்லி மிர்டின். பார்த்தவங்களுக்கு அதிசயம், அவளுக்குக் குளிர்.

13/ மந்திரத்தை எடுத்தா மட்டும் போதாது. 2004இல் வந்த 'கிங் ஆர்தர்' படத்திலும் மந்திரம் இல்லை. ஆனா அந்த இடத்தில் தசையைக் கொண்டுவந்து வெச்சுட்டாங்க. 960 பேரை வீழ்த்தின பழைய ஹீரோயிசம் அப்படியே இருக்கு.

14/ இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பயிற்சி மருத்துவரா இருந்தப்ப ஒரு ராத்திரி. பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கலை. ரத்தம் கேட்டு எழுதின சீட்டு மேஜையிலேயே கிடந்தது. நான் எடுத்துட்டுப் போவேன்னு அவங்க நினைச்சாங்க, அவங்க அனுப்பிட்டாங்கன்னு நான் நினைச்சேன். ரத்தம் வந்தப்ப நேரம் கடந்துடுச்சு. வெளியே நின்ன கணவர்கிட்ட சீனியர் சொன்னார்: "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்பா. விதி." அவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார்.

15/ அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால நாங்க அத்தனை பேரும் ஒளிஞ்சுக்கிட்டோம், நானும்தான். பிரசவ மரணங்களை ஆராய மருத்துவத்தில் "மூன்று தாமதங்கள்"னு ஒரு முறை உண்டு, 1994இல் முன்வைக்கப்பட்டது. மருத்துவமனைக்குப் போகலாம்னு முடிவெடுக்கறதில் தாமதமா, வந்து சேர்றதில் தாமதமா, வந்த பிறகு சிகிச்சை கிடைக்கறதில் தாமதமா? விதின்னு சொன்னா இந்த மூணையும் கேட்க முடியாது. கேட்கலைன்னா அடுத்த சீட்டும் மேஜையிலேயே கிடக்கும்.

16/ இதோட மறுபக்கமும் இருக்கு. பிழைச்சுட்டா "டாக்டர், நீங்க தெய்வம்!" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வார்த்தையில் ராத்திரி முழுக்க நாடி பார்த்த நர்ஸ், ரத்தம் கொடுத்த முகம் தெரியாத ஆள், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லாரும் காணாமப் போயிடறாங்க. தண்ணிக்கடியில் நின்ன அந்தச் சிறுமி மாதிரி.

17/ மந்திரக் கதைகளை நான் வேண்டாங்கலை. மெர்லின் பறவையா மாறினாலும் ரசிச்சுப் படிப்பேன். ஆனா வருஷத்துக்கு ஒண்ணாவது மந்திரம் இல்லாததையும் படிங்க. "விதி", "அதிசயம்"னு யாராவது சொல்றப்ப, "சரி, செஞ்சது யாரு?"ன்னு கேட்கற பழக்கம் வரும்.

18/ எங்கே ஆரம்பிக்கறது? பெரியவங்க 'தி விண்டர் கிங்', வீட்டுல எட்டாவது ஒன்பதாவது படிக்கற பிள்ளை இருந்தா 'ஹியர் லைஸ் ஆர்தர்'. படிச்சுட்டு வந்து பாயசத்தில் சர்க்கரை இருந்துதா இல்லையான்னு சொல்லுங்க. நண்பருக்கும் டேக் பண்ணிட்டேன். காலையில் ஓபி இருக்கு, தூங்கப் போறேன். 🙏