காணாமற்போனோர் பெயர்

யுத்தத்தில் காணாமற்போன சிப்பாயைத் தேடுவோர்க்குப் பட்டாளத்துப் பெயர்ப்பட்டி துணைசெய்கிறது. கல்லறை அறியப்படாத ஏறக்குறைய 27,000 வீரரின் நாமங்கள் பர்மாவிலுள்ள ரங்கூன் ஞாபகச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயின் 1942-43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதையில், மலேயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலார்க்குப் பெயர்ப்பட்டியே இல்லை. சிப்பாய்க்குப் பெயர், கூலியாளுக்கு வெறும் தொகை என்பது நியாயமாகுமோ?

மாண்டவர் பெயரை அறிந்தவை அவர்தம் குடும்பங்களே. ஆதலின் நம் மாணவர் விடுமுறையில் தத்தம் ஊரிலும், இந்த ராயப்பேட்டைத் தெருக்களிலும் முதியோரை அணுகி, மலேயா சென்று கடிதம் நின்றுபோன உறவினர் எவரெனக் கேட்பாராக. பெயர், ஊர், சென்ற ஆண்டு என்னும் இம்மூன்றையும் எழுதிக் கல்லூரிப் புத்தகசாலையில் சேர்த்தல் நம் கடனென எண்ணுகிறோம். கேட்க வேண்டிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர், தாமதம் தகாது.