பொம்மைக்கு வர்ணம் தீட்டுவோம்

சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டிப் பழக விரும்புகிறவர்கள் அயல்நாட்டுச் சாதனங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும், காவிரி பாயும் தஞ்சை மண்ணிலேயே அந்த வித்தை தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வருகிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம். புவிசார் குறியீடு பெற்ற தலையாட்டி பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பாகம் களிமண்ணால் கனத்தும் மேற்பாகம் காகிதக் கூழால் இலேசாகவும் இருப்பதனாலேயே, எப்படிச் சாய்த்தாலும் அது நிமிர்ந்து விடுகிறது.

ஆரம்பிக்கிறவருக்கு முதலில் வேண்டியது பொறுமை. உலர்ந்த உருவத்தை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, வெள்ளை பூசி, அது நன்றாகக் காய்ந்த பின்னரே முகத்துக்கு நிறம் கொடுத்து, அதன்பின் ஆடையையும் சரிகைக் கரையையும் நகைகளையும் ஒவ்வொன்றாக எழுதி, கண்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது உத்தமம். விழியின் கருமணி மயிரிழை விலகினாலும் சாந்தமான முகம் திகைத்த முகமாகிவிடும். ஆகையால் மெல்லிய தூரிகையில் மையைக் குறைவாகத் தொட்டு, மணிக்கட்டை மேஜைமேல் ஊன்றி, மூச்சை அடக்கி எழுத வேண்டும்.

கொலுவுக்கு ஆயத்த பொம்மைகளையே வாங்கி அடுக்கும் வழக்கம் போதும். வரும் நவராத்திரிக்குள் தஞ்சைக் கைவினைஞரிடம் வர்ணமிடாத பொம்மை ஒன்றை நியாயமான விலை கொடுத்து வாங்கி, உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில் தூரிகையோடு கொடுங்கள்.